முதல் சந்திப்பிலேயே வேலை கேட்கலாமா?

கேள்வி: சென்னையில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். சென்ற மாதம் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த தொழில் கண்காட்சியில் பதினைந்து பேரிடம், 'வேலை இருந்தால் சொல்லுங்கள் சார்' என்று பயோடேட்டாவைக் கொடுத்தேன். ஒருவரும் திரும்பப் பேசவில்லை. ஆங்கிலம் சரளமாக வராததுதான் காரணமா? இப்படி அறிமுகம் தேடுவது சிபாரிசுக்கு அலைவது போலவும் கூச்சமாக இருக்கிறது.
— மாணவர், மேற்குத் தாம்பரம்

பதில்: ஆங்கிலம் காரணம் அல்ல, நீங்கள் கேட்ட கேள்விதான் காரணம். கண்காட்சி அரங்கில் நிற்பவர் பெரும்பாலும் விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவர். ஆள் எடுக்கும் அதிகாரம் அவரிடம் இருப்பதில்லை. ஒரு நிமிடம் முன்பு பார்த்த உங்களைப் பற்றி அவர் யாரிடம், என்னவென்று சொல்வார்? அவருக்குத் தெரிந்தது அவருடைய வேலை. அதைக் கேளுங்கள். வாகன உதிரிபாக நிறுவனம் என்றால், 'ஒரகடம் தொழிற்சாலைகளின் ஆர்டர் திடீரென்று குறைந்தால் கையிருப்பை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். தமிழிலேயே கேட்கலாம். கையிலிருக்கும் டீக் கோப்பையை வைத்துவிட்டுப் பதில் சொல்லத் தொடங்குவார்.

உங்கள் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால், சிபாரிசு வேறு, அறிமுகம் வேறு. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் புறநகர் ஒன்றில் தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தார்கள் என்று விசாரித்தார். அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதத்தினரே, எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். வேறு வட்டத்தில் புழங்குபவரிடம்தான் நம் காதுக்கு எட்டாத செய்தி இருக்கும் என்பது அவர் கண்ட காரணம். உங்கள் விடுதி அறைத் தோழர் பார்ப்பதும் நீங்கள் பார்க்கும் அதே அறிவிப்புப் பலகையைத்தானே? ஒரே கல்லூரி மாணவர்கள் கூட்டம் முடியும்வரை தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது.

பெரிய கண்காட்சியைவிடச் சிறிய சொற்பொழிவுக் கூட்டங்கள் உங்களுக்கு ஏற்றவை. 1956-இல் தொடங்கிய மெட்ராஸ் மேனேஜ்மென்ட் அசோசியேஷன், 1836-இலிருந்து இயங்கும் மெட்ராஸ் வர்த்தக சபை போன்ற அமைப்புகளின் நிகழ்ச்சிகளைக் கவனித்து வாருங்கள். மாணவர்களுக்கு அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பதினைந்து பேர் வேண்டாம், இரண்டு பேரிடம் நிதானமாகப் பேசினால் போதும்.

வீடு திரும்பப் பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறியதும், அவர் கொடுத்த விசிட்டிங் கார்டின் பின்புறம் தேதியையும் பேசிய விஷயத்தையும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். அந்தக் குறிப்பை வைத்து, மறுநாளே லிங்க்ட்இன்னில் ஒரு செய்தி அனுப்புங்கள்: 'வணக்கம். நேற்று கையிருப்பு பற்றிக் கேட்ட எம்.பி.ஏ. மாணவன் நான். நீங்கள் சொன்ன விளக்கம் என் புராஜெக்டுக்கு உதவுகிறது. இன்னும் ஒரு சந்தேகம் உண்டு, பத்து நிமிடம் பேச முடியுமா?' பயோடேட்டாவை அதில் இணைக்காதீர்கள். இரண்டு, மூன்று முறை பேசிப் பழகிய பிறகு, அவர் துறையில் பயிற்சி வாய்ப்பு உண்டா என்று தயங்காமல் கேட்கலாம். செய்திக்குப் பதில் வராவிட்டால், பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்குமேல் வேண்டாம்.