ஆத்தங்கரையில கேமராவோட: வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்து கிராமப்புறத்துல ஆத்தோரமா பறவை, விலங்கு படம் எடுக்கறத பத்தி கேள்வி கேளுங்கன்னு சொல்லியிருந்தோம். நிறைய வந்திருக்கு. பாதி கேள்வி லென்ஸ் பத்திதான், அதெல்லாத்துக்கும் சேத்து முதல் பதில்லயே சொல்லிடறேன்.

கேள்வி: ரெடிங் பக்கம் தேம்ஸ் ஓரமா தினம் வாக்கிங் போறேன். மீன்கொத்தி கண்ணுல படுது, ஆனா கேமராவ தூக்கறதுக்குள்ள நீலமா ஒரு கோடு மாதிரி போயிடுது. எங்கிட்ட 400 எம்எம் லென்ஸ் இருக்கு. 600 வாங்கினா கிடைக்குமா சார்?

பதில்: கிடைக்காது, அதே நீலக் கோடு கொஞ்சம் பெருசா தெரியும், அவ்வளவுதான். நீங்க நடந்துட்டே இருக்கீங்க பாருங்க, அதுதான் பிரச்சனை. மீன்கொத்திக்கு ஆத்துல தனக்குன்னு ஒரு எல்லை இருக்கு, அந்த எல்லைக்குள்ள உக்கார நாலஞ்சு கிளை, கம்பம்னு வழக்கமான இடம் வச்சிருக்கும், திரும்பத் திரும்ப அங்கதான் வந்து உக்காரும். தண்ணி மெதுவா ஓடற, ஆழம் கம்மியா இருக்கற இடத்துக்கு மேல நீட்டிட்டு இருக்கற கிளையில வெள்ளை வெள்ளையா எச்சம் வழிஞ்சிருக்கான்னு பாருங்க. இருந்தா எதிர்க்கரையில, இல்ல நல்லா தள்ளி ஒரு புதர் ஓரமா உக்காந்துடுங்க. மெலிசா, கூர்மையா ஒரு விசில் கேக்கும். பறவை வர்றதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி அது கேட்டுடும், கேமரா அப்பவே கண்ணுக்கிட்ட இருக்கணும். உக்காந்திருக்கும்போது ஷட்டர் வேகம் 1/500 போதும், தண்ணிக்குள்ள பாயறத பிடிக்கணும்னா 1/2500க்கு மேல வைங்க, ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன்) ஏறுதேன்னு கவலைப்படாதீங்க, படத்துல புள்ளி புள்ளியா வர்ற கிரெய்ன குறைக்க சாஃப்ட்வேர் இருக்கு, ஆடிப்போன படத்துக்கு ஒண்ணும் கிடையாது.

இன்னொண்ணு, வெயில் அடிச்சாதான் நல்ல படம்னு நினைக்காதீங்க. அந்த நீலம் சாயம் கிடையாது, இறகோட அமைப்புல பட்டு ஒளி சிதறி வர்ற நிறம். உச்சி வெயில்ல முதுகு பளபளன்னு வெளுத்துடும், மேகமூட்டத்துல பாருங்க, அப்படியே ஆழமா இறங்கும். மேகமூட்டத்துக்கு இங்கிலாந்துல பஞ்சமே இல்ல. கீழ் அலகு ஆரஞ்சா இருந்தா பொண்ணு, ரெண்டு அலகும் கருப்பா இருந்தா ஆண். நம்மூர் குளத்துல உக்காந்திருக்கற சின்ன நீல மீன்கொத்தியும் இதே இனம்தான்.

கேள்வி: ஹாம்ப்ஷயர்ல இட்சென் ஆத்துக் கரையில ஒரு ஓட்டை கண்டுபிடிச்சேன், மீன்கொத்தி மீனோட உள்ள போயிட்டு வெளிய வருது! எவ்வளவு கிட்ட டிரைபாட் வைக்கலாம்?

பதில்: வைக்கவே கூடாது. அந்த ஓட்டைதான் அதோட கூடு. 1981 வனவிலங்கு, கிராமப்புறச் சட்டத்துல மீன்கொத்தி முதல் அட்டவணையில, அதாவது கூடுதல் பாதுகாப்பு உள்ள பறவைகள் பட்டியல்ல இருக்கு. முட்டையோ குஞ்சோ இருக்கற கூட்டுக்கு பக்கத்துல தெரிஞ்சே தொந்தரவு பண்ணினாலும் குத்தம், கண்டுக்காம அலட்சியமா பண்ணினாலும் குத்தம். கூட்டுக்கிட்ட தொந்தரவாகற மாதிரி படம் எடுக்கணும்னா நேச்சுரல் இங்கிலாந்துங்கற அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகிட்ட லைசென்ஸ் வாங்கணும், பொழுதுபோக்குக்கு எடுக்கற நமக்கு அது எதுக்குங்க.

நீங்க இடைஞ்சலா இருக்கீங்களான்னு அந்தப் பறவையே சொல்லிடும். தான் திங்கப் போற மீன்னா தலை தன் தொண்டைப் பக்கமா இருக்கும். குஞ்சுக்கு கொண்டுபோற மீன்னா தலை வெளிப்பக்கமா நீட்டிட்டு இருக்கும், ஊட்டும்போது செதில் குத்தாம இறங்கணும்ல. அப்படி தலை வெளிய தெரியற மீனோட ஒரு கிளையில உக்காந்து கத்திட்டே இருந்துச்சுன்னா நீங்க வழிய மறைச்சுட்டு நிக்கறீங்கன்னு அர்த்தம், உடனே எழுந்து போயிடுங்க. அந்த இடத்த வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க, தயவுசெஞ்சு.

கேள்வி: கரையோரமா எங்க வேணா நடக்கலாமா? ஒரு இடத்துல பிரைவேட்னு போர்டு இருந்துச்சு, பயமா போச்சு.

பதில்: ஸ்காட்லாந்துல பொறுப்பா நடந்துக்கிட்டா பெரும்பாலான இடத்துல நடக்கலாம், இங்கிலாந்துல அப்படி இல்ல. ஆத்தங்கரை முக்காவாசி யாரோ ஒருத்தரோட நிலம்தான், மீன் பிடிக்கற உரிமை வேற ஒரு கிளப்புகிட்ட இருக்கும். ஆர்டனன்ஸ் சர்வேங்கற அரசு மேப் நிறுவனத்தோட 1:25,000 எக்ஸ்ப்ளோரர் மேப் வாங்குங்க, அதுல பச்சை கோடு கோடா போற பாதையில தைரியமா போலாம், களத்துல அதுக்கு மஞ்சள் அம்புக்குறி இருக்கும். தேம்ஸ் பாத் மாதிரி நேஷனல் டிரெயில்னா இன்னும் நிம்மதி. வயல்ல கன்னுக்குட்டியோட மாடு நின்னுச்சுன்னா மட்டும் சுத்திப் போங்க, நம்மூர் மாடு மாதிரி நினைச்சு கிட்ட போகாதீங்க, நாய் கூட இருந்தா இன்னும் மோசம்.

மார்ச் 15லேர்ந்து ஜூன் 15 வரைக்கும் ஆத்துல டிரவுட், சால்மன் தவிர மத்த மீன் பிடிக்கறதுக்கு தடை, அதனால கரை காலியா அமைதியா இருக்கும். ஜூன் 16 விடிஞ்சா குடையும் ஸ்டூலுமா வந்து உக்காந்துடுவாங்க. அமைதியா இருக்கற அந்த மாசமெல்லாம் கூடு கட்டற காலமாவும் இருக்கு, அதனால பாதைய விட்டு இறங்காதீங்க. எனக்கு பிடிச்சது அக்டோபர்லேர்ந்து பிப்ரவரி. இலை கொட்டி கிளை தெரியும், சூரியன் நாள் பூரா தாழ்வாவே இருக்கும், ஜூன் மாசம் மாதிரி நாலரைக்கே எந்திரிக்க வேண்டியதில்ல.

கேள்வி: நீர்நாய் நிஜமாவே இருக்கா, இல்ல சும்மா சொல்றாங்களா?

பதில்: இருக்கு. 1950கள்ல டீல்டிரின் மாதிரி பூச்சிமருந்து ஆத்துல கலந்து கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. மருந்த தடை பண்ணி, வேட்டைய நிறுத்தி, தண்ணி சுத்தமாகி மெதுவா திரும்பி வந்துச்சு, 2011ல கென்ட்லயும் இருக்குன்னு தெரிஞ்சதும் எல்லா கவுன்டிலயும் (நம்ம மாவட்டம் மாதிரி) நீர்நாய் வந்தாச்சுன்னு அறிவிச்சாங்க. பெரும்பாலும் ராத்திரிதான் வெளிய வரும், ஆனா டோர்செட்ல பிளான்ட்ஃபோர்டு ஊருக்குள்ள ஓடற ஸ்டவர் ஆத்துல பகல்லயே பாத்தவங்க நிறைய பேர். பாலத்துக்கு அடியில கல்லு மேல மீன் முள்ளோட கருப்பா எச்சம் கிடந்தா அந்த வழியா போகுதுன்னு அர்த்தம். காத்து உங்க முகத்துல அடிக்கற மாதிரி நில்லுங்க, அதுக்கு மோப்பம் ஜாஸ்தி. தண்ணி மேல வரிசையா குமிழ் வந்தா அடுத்து தலை எங்க வரும்னு கணக்கு போட்டு ஃபோகஸ் வைங்க. சின்னதா, கருப்பா, உடம்பு தண்ணிக்கு மேல மிதக்கற மாதிரி நீந்தினா அது அமெரிக்கன் மிங்க்னு வேற ஒரு விலங்கு, நீர்நாய் இல்ல.

கேள்வி: டிரோன் பறக்க விட்டு அன்னம் கூட்ட எடுக்கலாமா?

பதில்: வேண்டாங்க.

கேள்வி: அன்னத்த எடுத்தா வெறும் வெள்ளை பேப்பர் மாதிரி வருது, இறகே தெரியல. என்ன பண்றது?

பதில்: சுத்தி இருக்கற இருட்டுத் தண்ணிய பாத்து கேமரா ஏமாந்து ஜாஸ்தி வெளிச்சம் விடுது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன (வெளிச்சத்த நாமளே கூட்டிக் குறைக்கற செட்டிங்) மைனஸ் 1 கிட்ட வச்சு பாருங்க, ரொம்ப வெளுத்த இடம் மின்னிக் காட்டற ஹைலைட் எச்சரிக்கைய ஆன் பண்ணிக்கோங்க. சின்னக் கொக்குக்கும் இதேதான். அந்தக் கொக்கு இங்க புதுசு தெரியுமா, 1996ல டோர்செட்டோட பிரவுன்சீ தீவுலதான் பிரிட்டன்ல முதல்முறையா குஞ்சு பொரிச்சுது, இப்ப தெற்குல எந்த ஆத்துக்குப் போனாலும் நிக்குது.

கேள்வி: ஊர்லேர்ந்து அம்மா வந்திருக்காங்க, முட்டி வலி, சேத்துல நடக்க முடியாது. ஆனா பறவைன்னா உயிர். எங்க கூட்டிட்டு போலாம் அண்ணா?

பதில்: லண்டன்ல இருந்தா பார்ன்ஸ்ல இருக்கற வெட்லேண்ட் சென்டர், பழைய நீர்த்தேக்கத்த மாத்தி 2000ல திறந்தது, பாதை சமமா இருக்கும், ஹைடுன்னு சொல்ற மரக்குடிலுக்குள்ள உக்காந்தே பாக்கலாம். மீன்கொத்திதான் வேணும்னா ஹார்ட்ஃபோர்ட்ஷயர்ல ரை மீட்ஸ், அங்க அதுக்குன்னே செயற்கையா கரை கட்டி எதிர்ல குடில் போட்டிருக்காங்க, சட்டப் பிரச்சனையும் இல்ல. குளிர்காலம்னா செவர்ன் ஆத்துப் பக்கம் ஸ்லிம்பிரிட்ஜ், ஆர்க்டிக் பக்கத்துலேர்ந்து வர்ற பியூயிக் அன்னம் அங்க வரும். குடிலுக்குள்ள காத்து ஊசி மாதிரி குத்தும், அம்மாவுக்கு சால்வையும் ஃபிளாஸ்க்ல காபியும் எடுத்துக்கோங்க.

கேள்வி: டெர்பிஷயர்ல கால்வாய் ஓரமா எடுத்த படம் அனுப்பியிருக்கேன். வாட்டர் வோல்தானே, தண்ணியோரமா வளையில இருக்கற எலி மாதிரி குட்டி விலங்கு? எங்க வீட்ல எல்லாரும் எலின்னு கிண்டல் பண்றாங்க.

பதில்: வீட்ல சொல்றது சரிதான். காது நல்லா வெளிய தெரியுது, வால் நீளமா மொட்டையா இருக்கு, மூஞ்சி கூர்மையா இருக்கு. வாட்டர் வோலுக்கு மூஞ்சி உருண்டை, காது ரோமத்துக்குள்ள மறைஞ்சிருக்கும், வால் குட்டையா ரோமத்தோட இருக்கும். மிங்க் வந்து புகுந்து தின்னதுல எண்ணிக்கை பயங்கரமா குறைஞ்சு போச்சு, அதனால 2008லேர்ந்து முழுப் பாதுகாப்பு இருக்கு, வளைய மிதிச்சு கெடுக்கக்கூடாது. அதே டெர்பிஷயர்ல கிராம்ஃபோர்டு கால்வாய் இதுக்கு பேர் போன இடம், அங்க போய் பாருங்க. கரையோரம் புல்லுத்தண்டு சாய்வா, கத்தியால வெட்டின மாதிரி துண்டு துண்டா குவிஞ்சு கிடக்கும், தண்ணிக்குள்ள ‘பொளக்’னு ஒரு சத்தம் கேக்கும். சில பேர் ஆப்பிள் துண்டு போட்டு வரவழைச்சு எடுக்கறாங்க, எனக்கு அதுல இஷ்டமில்ல, அந்த ஆப்பிளுக்கு எலியும் சேந்து வரும்.