வெள்ளிக்கிழமைப் புரோட்டா

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

எனக்கு 44 வயது. ஊர் தூத்துக்குடி. கத்தோலிக்கக் குடும்பம். தவக்காலத்தில், சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை தினமும் ஒருசந்தி இருப்பேன். இரவில் மட்டும் கஞ்சி. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். என் கணவருக்கோ நாக்கில் கட்டுப்பாடு என்பதே கிடையாது. வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத சுத்தபோசனம் என்று தெரிந்தும் போன வாரம் புரோட்டாவும் சிக்கன் சால்னாவும் வாங்கி வந்தார். தான் தின்றது போதாதென்று மகளுக்கும் ஒரு பார்சல். கேட்டால், "பிள்ளை சாப்பிடட்டும், பாவத்தை என் கணக்கில் எழுது" என்கிறார். இப்படிப் பேசுகிறவரோடு உட்கார்ந்து எப்படி ஜெபமாலை சொல்வது? மாமியாரும் அவர் பக்கம்தான். "நீ என்ன பெரிய புனிதையா?" என்று குத்துவார். மகன் சாப்பிடும்போதும் கையில் போன். தன்னடக்கம் என்றால் என்னவென்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மகள் ஒருத்திதான் என்னைப் போல. பிளஸ் ஒன் படிக்கிறாள். போன தவக்காலத்தில் இனிப்பை விட்டவள், உயிர்ப்புப் பெருநாள் முடிந்தும் தொடவில்லை. அப்புறம் சோற்றையும் குறைத்துவிட்டாள். டிபன் பாக்ஸ் பாதி நாள் அப்படியே திரும்பி வருகிறது. முடி கொட்டுகிறது, மூன்று மாதமாக விலக்கும் வரவில்லை, பரீட்சை டென்ஷனாக இருக்கும். அது கிடக்கட்டும். அந்தச் சால்னாவை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அவரைத் திருத்த என்ன வழி?

ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

சால்னாவை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தாண்டிப் போன இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. வளர்கிற பிள்ளை சோற்றைக் குறைத்து, முடி கொட்டி, மூன்று மாதம் விலக்கும் நின்றிருக்கும்போது பழியைப் பரீட்சை மேல் போட முடியாது. போதிய உணவு கிடைக்காத உடம்பு, உயிரோடிருக்க உடனே தேவைப்படாத வேலைகளை நிறுத்தத் தொடங்கும். மாதவிலக்கும் அதில் ஒன்று. தைராய்டு போல வேறு காரணமும் இருக்கலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இந்த வாரமே போங்கள். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் அன்றைக்கே.

நீங்கள் இதைத் தன்னடக்கம் என்கிறீர்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒன்றை விடத் தெரிந்தவருக்கு, நேரம் வந்ததும் அதைத் திரும்ப எடுக்கவும் தெரிய வேண்டும். தவக்காலத்துக்கு ஒரு முடிவு உண்டு. நடுவில் வரும் ஞாயிறுகளை அதன் நாற்பது நாளில் சேர்ப்பதுகூட இல்லை. பெருநாளன்றும் ஒரு துண்டு கேக்குக்குக் கை நீட்ட முடியாத பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பது பக்திதானா, பயமா?

உண்மையில் திருச்சபை உங்களைவிட இளகிய மனசுக்காரி. ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான். அதுவும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாள். 6-ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதிய புனித பெனடிக்ட் சாப்பாட்டில் அளவு வைத்தவர்தான். அவரே, சமைத்த பதார்த்தம் இரண்டு இருக்கட்டும், ஒன்று ஒத்துக்கொள்ளாதவர் மற்றதைச் சாப்பிடலாம் என்கிறார். சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் இந்தக் கண்டிப்பு வேண்டாம், குறித்த நேரத்துக்கு முன்பே அவர்கள் சாப்பிடட்டும் என்று அந்த ஒழுங்கு நூலில் தனி அதிகாரமே எழுதி வைத்தார். மடத்துக்குள்ளேயே இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மகளின் நிலைக்கு நீங்கள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இதற்கெல்லாம் வேர் பல இடங்களில் இருக்கும். ஆனால் உங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர் பாவி, சாப்பிடாதவள் "என்னைப் போல". அம்மாவின் நல்ல பெயர் எங்கே கிடைக்கும் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பைபிளில், கலாத்தியருக்கு எழுதும்போது தூய ஆவியின் கனிகளைப் பவுல் வரிசைப்படுத்துகிறார். முதலில் அன்பு, அடுத்து மகிழ்ச்சி, அமைதி. தன்னடக்கம் கடைசியில்தான் வருகிறது. உங்கள் கடிதத்தில் அந்தக் கடைசி ஒன்று மட்டும்தான் கண்ணில் படுகிறது. வீட்டின் பக்தியை ஒற்றை ஆளாக இத்தனை வருடம் சுமந்த அலுப்பு அது என்பதும் புரிகிறது.

மகளிடம் எடையைப் பற்றிப் பேச வேண்டாம், பாவம் என்று மிரட்டவும் வேண்டாம். மனநல மருத்துவரையும் பாருங்கள் என்று டாக்டர் சொன்னால் வெட்கப்படாமல் போங்கள். இந்த வருடம் உங்கள் ஒருசந்தியை நிறுத்திவிட்டு, அவள் வீட்டில் இருக்கும் வேளைகளில் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். மனசு உறுத்தினால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

அப்புறம் அந்தப் பார்சல். "பிள்ளை சாப்பிடட்டும்" என்று சொல்லி வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் ஒருவர் வாங்கி வந்தார் என்றால், மகள் சாப்பிடாததை உங்களுக்கு முன்னமே அவர் கவனித்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. டாக்டரிடம் அவரையும் கூட்டிப் போங்கள். எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். அதற்குப் பதில் அவரிடம் இருக்கலாம்.