கேனான் கேமராவுக்குக் குறைந்த விலையில் எந்த டெலிபோட்டோ லென்ஸ் வாங்கலாம்?

கேனானின் சின்ன டிஎஸ்எல்ஆர், கூடவே வந்த 18-55 லென்ஸ், கையில் பணம் குறைவு, தைப்பூசக் காவடியும் கொஞ்சம் பறவைகளும் எடுக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். மொரிஷியசில் காத்ர் போர்ன் பக்கம் வருடா வருடம் காவடி எடுப்பவர்களைப் படம் பிடிப்பவன் நான். அதனால் தயங்காமல் சொல்கிறேன்: கேனானின் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் லென்ஸ். இந்த எண்கள் மில்லிமீட்டர் கணக்கு, எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும். அப்படி நெருக்கிக் காட்டுவதுதான் டெலிபோட்டோ. பழையது கிடைத்தாலும் சரி.

கடைக்காரர் 75-300ஐக் காட்டுவார். விலையும் குறைவு, 300 என்ற எண்ணும் பெரிதாகத் தெரியும். ஆனால் 55-250இன் பெயரில் வரும் ஐஎஸ், அதாவது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர், அதில் கிடையாது, 300க்குப் போனால் படம் மங்கும். உங்கள் கேமராவின் சென்சார் சின்னது என்பதால், அதில் 250 என்பதே பெரிய சென்சார் கேமராவில் ஏறக்குறைய 400 காட்டும் அளவுக்கு நெருக்கம் காட்டும். ஸ்டெபிலைசர் இல்லாமல் அவ்வளவு நெருக்கத்தில் எடுக்க ஷட்டர் வேகம் 1/400 வினாடிக்குக் கீழே போகக் கூடாது. மண்டபத்து நிழலில் அதற்கு வெளிச்சம் போதாது. ஆனால் ஸ்டெபிலைசர் உங்கள் கையை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். ஆடி வரும் காவடிக்கு எப்படியும் 1/500 வேண்டும், வெளிச்சத்தை உணரும் திறனைக் கூட்டும் ஐஎஸ்ஓவைத் தாராளமாக ஏற்றுங்கள்.

என் அக்கா மகன் முதல் முறை காவடி எடுத்த வருடம், கோர் தெ கார்த் மலையடிவாரத்து முருகன் கோயில் படிக்கட்டில் ஓரமாக, மேலே நின்றிருந்தேன். நாக்கில் வேல், தோளில் காவடி, வெறுங்கால், உச்சி வெயில். ஒரு ஆள் குட்டி லென்ஸோடு அவன் முகத்துக்கு நேராகப் பின்பக்கமாக நடந்துகொண்டே படம் எடுத்தார். நாக்கில் வேல் இருக்கிற பிள்ளை "தள்ளி நில்லுங்கள்" என்று எப்படிச் சொல்வான்? அவனுக்குக் கால் இடறியது, பக்கத்தில் இருந்தவர்கள்தான் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. நான் நின்ற இடத்திலிருந்தே அவன் கண், நெற்றி விபூதி, காவடியின் மயிலிறகு எல்லாம் தெளிவாக விழுந்தன. நான் இருந்ததே அவனுக்குத் தெரியாது. டெலிபோட்டோ வாங்கச் சொல்வதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடும் 70-200 எஃப் 2.8தான் லென்ஸ் என்று சிலர் கீழே எழுதுவார்கள். நல்ல லென்ஸ், மறுக்கவில்லை. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, விலையும் எங்கேயோ. 55-250 எடை 375 கிராம்தான். விரதத்தோடு நாள் முழுக்க ஊர்வலத்தில் நடந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும். நான் தொழில்முறைக்காரன் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்தப் படங்களைப் பார்த்த பலர் "மொரிஷியசிலும் தமிழர்களா? கரும்பு வெட்டப் போனவர்களா?" என்று கேட்டார்கள். அப்படி வந்தவர்களும் உண்டு, அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் 1834இல் கூலி ஒப்பந்தம் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களும் தச்சர்களும் இங்கே வந்துவிட்டார்கள். போர்ட் லூயி நகரம் எழுந்ததில் அவர்கள் கையும் இருக்கிறது. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்காவது சொல்லுங்கள்.

சரி, பறவைகள். பெரிய பறவைக்கு 250 போதும். பிளாக் ரிவர் பள்ளத்தாக்கில் நீண்ட வெள்ளை வாலோடு பறக்கும் பாய்-ஆன்-கே பறவையை 1/1600 வைத்து எடுத்திருக்கிறேன். சின்னக் குருவிக்குப் போதாது. அதற்கு டாம்ரான் அல்லது சிக்மா 100-400 வேண்டும், பணம் சேர்ந்த பிறகு பார்க்கலாம்.

பழைய லென்ஸ் வாங்கினால், பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். உள்ளே நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். கடலோர ஊரில் இருந்தால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள்.