பதித்த தண்டவாளத்தை எதால் வெட்டுவது?

கேள்வி: வீட்டு பேஸ்மென்ட்டில் எச்ஓ அளவு மாடல் ரயில் அமைத்திருக்கிறேன். பாதை முழுவதும் பதித்தாகிவிட்டது. ஒரு ரிவர்ஸ் லூப் (ரயில் சுற்றித் திரும்பி, வந்த பாதையிலேயே சேரும் வளையம்) இருப்பதால் இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தில் போய்ச் சேர்ந்து மின்சாரம் ஷார்ட் ஆகிறது. நான்கு இடங்களில் தண்டவாளத்தை வெட்டி மின் இடைவெளி விடச் சொல்கிறார்கள். ரயில் நிப்பர் போதுமா, ட்ரெமெல் (வெட்டுத் தட்டைச் சுழற்றும் கை மோட்டார்) வாங்க வேண்டுமா, ரம்பமே சரியா?
– ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: நிப்பரை முதலில் ஒதுக்குங்கள். பதிக்காத தண்டவாளத்தை அளவுக்கு நறுக்க அதைப்போல வசதியான கருவி இல்லை. ஆனால் அது அறுப்பதில்லை, நசுக்கித்தான் துண்டிக்கிறது. ஒரு முனை ஓரளவு நேராக வரும், மறுமுனை ஆப்பு மாதிரி பிதுங்கி நிற்கும். பதித்த பாதையில் அந்தப் பிதுக்கலை அரத்தால் ராவிச் சரிசெய்வது பெரும்பாடு.

நான் முதலில் வாங்கச் சொல்வது முதுகில் பட்டை வைத்த ரேஸர் ரம்பம். அதன் வெட்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், நேராகவும் விழும். முக்கோண அரத்தால் தண்டவாளத் தலையில் ஒரு கீறல் போட்டுக்கொண்டு, அழுத்தாமல் இழுத்து அறுங்கள். வெட்டும் இடத்துக்கு இருபுறமும் தண்டவாளத்தை விரலால் அமுக்கிப் பிடியுங்கள். ரம்பம் சிக்கினால், பிளாஸ்டிக் ஸ்லீப்பரில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் குட்டிக் கொக்கிகள் பிய்ந்துவிடும், அப்புறம் ஒட்டவைப்பது தனி வேலை.

பக்கத்திலேயே இன்னொரு பாதை ஓடினால் ரம்பத்தின் நுனி அதில் போய் இடிக்கும். சுவர் ஓரத்திலோ பாலத்துக்கு அடியிலோ கையே நுழையாது. அங்கேதான் ட்ரெமெல். பலரும் அதை வாங்கி வந்த பிறகுதான் ஒன்றைக் கவனிக்கிறார்கள்: சாதாரண வெட்டுத் தட்டின் விட்டம் சுமார் 24 மி.மீ., கையில் பிடிக்கும் மோட்டார் உடலோ அதைப்போல இருமடங்கு தடிமன். உடல் தண்டவாளத்தில் இடிப்பதால் கருவியைச் சாய்த்துத்தான் பிடிக்க முடியும், வெட்டும் சாய்வாகவே விழும். வளையும் தண்டு என்று ஓர் இணைப்பு விற்கிறார்கள். அதன் கைப்பிடி ஒல்லி என்பதால் சாய்வு வெகுவாகக் குறையும். ட்ரெமெல் வாங்குவதானால் அதையும் சேர்த்தே வாங்குங்கள்.

மெல்லிய தட்டுகள் கொஞ்சம் திருகினாலும் உடைந்து தெறிக்கும். கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். இழை சேர்த்த தட்டு அவ்வளவு எளிதில் உடையாது, ஆனால் வெட்டு அகலமாகும். விட்டுவிட்டுத் தொட்டு அறுங்கள். ஒரே மூச்சில் அழுத்தினால் சூட்டில் ஸ்லீப்பர் உருகித் தண்டவாளம் ஆடத் தொடங்கும்.

கருவி எதுவானாலும், வளைவில் வெட்டுவதைக் கூடியவரை தவிருங்கள். வளைத்துப் பதித்த தண்டவாளம் அறுபட்டதும் நிமிரப் பார்க்கும். வேறு வழியில்லை என்றால், வெட்டும் முன்பே இருபக்கத்து ஸ்லீப்பர்களிலும் எபாக்ஸி பசை வைத்து நன்றாக இறுகவிடுங்கள்.

நான்கு வெட்டு என்பது லூப்பின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களுக்கும் ஒவ்வொன்று. நடுவில் தனியாகும் பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்கட்டும். அதற்கான மின்சாரத்தை ஆட்டோ ரிவர்சர் (மின் துருவத்தைத் தானாக மாற்றும் கருவி) வழியாகக் கொடுங்கள்.

வெட்டியதை அப்படியே திறந்து விடாதீர்கள். கருவிக்காக மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு, 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால், ஏறக்குறைய மூன்றில் ஒரு மி.மீ. நீளும். ரேஸர் ரம்பத்தின் வெட்டும் அதே அளவுதான்! பேஸ்மென்ட்டில் வெப்பம் அவ்வளவு மாறாது என்பீர்கள். சரி, மரம் மாறுமே. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி காற்று உலர்ந்ததும் மேசைச் சட்டம் சுருங்கி இடைவெளியை நெருக்கும். ஜூலையில் ஒழுங்காக ஓடிய ரயில் ஜனவரியில் காரணமே இல்லாமல் ஷார்ட் ஆகும். அதனால் 0.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் துண்டைச் செருகி (இறுக்கமாக இருந்தால் தேய்த்து மெலிதாக்கி) சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். காய்ந்ததும் பிளேடால் சீவி, தண்டவாள வடிவத்துக்கே அரம் போடுங்கள். சாம்பல் வண்ணம் பூசினால் எங்கே வெட்டியது என்று உங்களுக்கே தெரியாது.

கடைசியாக மல்டிமீட்டர். நான்கு வெட்டும் முடிந்த பிறகு, மின்கம்பிகளைக் கழற்றி, பாதையில் இருக்கும் எஞ்சின், பெட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒவ்வோர் இடைவெளிக்கும் இருபுறமும் அதன் முனைகளை வையுங்கள். பீப் சத்தம் வந்தால் எங்கோ துகள் சிக்கியிருக்கிறது. நிக்கல் சில்வர் காந்தத்தில் ஒட்டாது, வேக்குவம்தான் போட வேண்டும்.

கேள்வி: வெட்டுவதற்குப் பதிலாக இரண்டு தண்டவாள முனைகளை இணைக்கும் பிளாஸ்டிக் ஜாயின்டர் போட்டால் ஆகாதா?
– ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: தாராளமாக. பதிக்கும்போதே போட்டால் அதுவே சுலபம், முனைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். ஜல்லி ஒட்டி முடித்த பாதையைப் பெயர்த்துப் போடுவதென்றால் ரம்பமே மேல்.