மூன்றாம் மாடியில் லாண்டரி மெஷின்: ஏர் சஸ்பென்ஷன் போட்டால் அதிர்வு குறையுமா?

"ஓட்டலின் மூன்றாம் மாடியில் 30 கிலோ துணி பிடிக்கும் வாஷிங் மெஷின் இருக்கிறது. ஸ்பின் ஓடினால் கீழ் அறையில் கட்டில் அதிர்கிறது. ரப்பர் பேட் மாற்றியும் பலனில்லை. ஏர் சஸ்பென்ஷன் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம். மெஷினைக் காற்று அடைத்த ரப்பர் பைகள் மேல் நிறுத்துவதுதான் அது. நானும் ஒரு ஓட்டல் லாண்டரியில் பராமரிப்பு வேலை பார்த்தவன்தான், கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன்.

ஃபேன், பம்பு என்றால் முதலில் பேலன்ஸ் செய்யச் சொல்வேன். துணிக்கு அது நடக்காது. ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு மாதிரி ஒதுங்கும். மையத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி 3 கிலோ ஈரத்துணி ஒரு பக்கமாகச் சேர்ந்து, டிரம் 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) சுற்றினால் விசை சுமார் 8,400 நியூட்டன். அதாவது 860 கிலோ எடை நொடிக்கு 13 தடவை உதைக்கிற மாதிரி.

ரப்பர் பேட் மெஷின் எடையில் 4 மி.மீ. அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம், ஏறக்குறைய 8 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 8 தடவை). உதையைவிட இது எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு குறைவாக அதிர்வு கீழே இறங்கும். 13 ஹெர்ட்ஸ் உதையில் பாதிக்கு மேல் அப்படியே தளத்துக்கு இறங்கிவிடும். காற்றுப் பையில் 2.5 ஹெர்ட்ஸ் வரை போகலாம்; அப்போது இறங்குவது கணக்குப்படி 4 சதவீதம்கூட இல்லை. மாடித் தளமும் வளைந்து கொடுக்கும் என்பதால் நிஜத்தில் அதைவிடக் கூடும்தான், ஆனாலும் கீழே இருப்பவர் தூங்கலாம்.

அதே 2.5 ஹெர்ட்ஸை இரும்பு ஸ்பிரிங்கில் எடுக்க அது 40 மி.மீ. அமுங்க வேண்டும். தண்ணீர் ஏறினால் மெஷின் இன்னும் தாழும், வடிந்தால் எழும்பும். காற்றுப் பையில் லெவலிங் வால்வு எடைக்கேற்பக் காற்றை ஏற்றி இறக்கும். ஆம்னி பஸ்ஸில் பத்துப் பேர் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் பஸ் ஒரே உயரத்தில் நிற்கிறதே, அதேதான். அழுத்தம் கூடும்போது விறைப்பும் சேர்ந்து கூடுவதால் அதிர்வெண்ணும் பெரிதாக மாறாது. நாலு பை இருந்தாலும் வால்வு மூன்றே போதும். நாலு போட்டால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

சிக்கல் வேகம் ஏறும்போதுதான். 2.5 ஹெர்ட்ஸ் என்றால் 150 ஆர்பிஎம். ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் அதைத் தாண்டியாக வேண்டும், அந்த இடத்தில் உதையும் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றாவதால் மெஷின் பேயாட்டம் ஆடும். பையோடு ஒரு துணைத் தொட்டியை இணைத்து நடுவில் வால்வு வைப்பதுண்டு. மூடினால் பை விறைக்கும், திறந்தால் இளகும். மூடிய நிலையில் 150-ஐத் தாண்டி, 200 வந்ததும் திறந்துவிடலாம். என்னைக் கேட்டால் உங்கள் சைஸுக்கு அது அதிகம். ஆட்டத்தை அடக்கும் நல்ல டாம்பரும், அந்த வேகத்தில் தங்காமல் சட்டென்று ஏறும் மோட்டார் டிரைவ் செட்டிங்கும் போதும்.

மெஷினின் ஆட்டம் இதனால் நின்றுவிடாது. மொத்த எடை 1,000 கிலோ என்றால் முழு வேகத்தில் 1.2 மி.மீ. ஆடும். எனவே தண்ணீர், ட்ரெயின், ஸ்டீம் லைன் எல்லாம் வளையும் ஹோஸாக இருக்க வேண்டும். நாங்கள் காற்றுப் பை போட்ட பிறகும் அதிர்வு அப்படியே இருந்தது. மூன்று நாள் வால்வைத் திருகித் திருகிப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால், தளத்தோடு கிளாம்ப் அடித்த ட்ரெயின் பைப் மெஷினோடு நேராக இணைந்திருந்தது! ஒரு அடி ரப்பர் ஹோஸில் தீர்ந்தது.

அப்புறம், காற்று இறங்கினால் மெஷின் உட்கார ரப்பர் ஸ்டாப்பர் வைக்கச் சொல்லுங்கள். கம்ப்ரசர் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும்.