கசிவு தெரியும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் வீடு கட்டி 22 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஐப்பசி மழையின்போது மாடிப் படுக்கையறையின் மேற்கூரையில், மின்விசிறி மாட்டியிருக்கும் கொக்கியைச் சுற்றி மஞ்சள் கறை தோன்றியது. அதற்கு நேர் மேலே மொட்டை மாடியில் நீர்க்காப்புப் பூச்சை நாங்களே இரண்டு முறை அடித்தோம். ஆயினும் கோடை மழையில் அதே இடம் மறுபடியும் நனைந்துவிட்டது. தட்டோடு முழுவதையும் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் பதிக்க வேண்டும் என்று கொத்தனார் சொல்கிறார். வேறு வழி உண்டா ஐயா?
– ஒரு வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்: பெயர்க்கும் முடிவைச் சற்றுத் தள்ளி வையுங்கள் அம்மா. முதலில், நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். உங்கள் மொட்டை மாடியில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த ஒரு படுகையும், அதன் மேல் தட்டோடும் இருக்கும். தட்டோட்டின் இணைப்பு ஒன்றில் இறங்கும் நீர் அந்தப் படுகைக்குள் பரவி, சரிவு போகும் திசையில் ஊர்ந்து சென்று, கான்கிரீட்டில் எங்கே துளை இருக்கிறதோ அங்கே சொட்டுகிறது. விசிறிக் கொக்கியும், தளத்துக்குள் புதைத்த மின்கம்பிக் குழாயும் அத்தகைய துளைகள்தாம். எனவே கறை விசிறியைச் சுற்றித் தெரிவதாலேயே ஓட்டை அதற்கு நேர் மேலே இருக்கிறது என்று கொள்ள முடியாது; பத்தடி தள்ளியும் இருக்கலாம். அந்த இடம் நனைந்திருக்கும்வரை அந்த அறையின் விசிறிக்கும் விளக்குக்கும் செல்லும் மின்சாரத்தை நிறுத்தி வையுங்கள். இதில் சற்றும் அலட்சியம் வேண்டாம்.

அடுத்ததாக, மழையே இல்லாத வாரங்களில் அந்தக் கறை உலர்கிறதா என்று பாருங்கள். உலரவில்லை என்றால் குற்றம் தளத்தில் இல்லை, குழாயில் இருக்கிறது. கன்னங்குறிச்சியில் என் சொந்த வீட்டில் இதைக் கவனிக்காமல் இரண்டு கோடைகள் சமையலறைக்கு மேலே பூச்சு அடித்தேன். கடைசியில், மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடத்தில்தான் நீர் இறங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. அந்தக் கசிவுக்கும் மழைக்கும் தொடர்பே இல்லை.

உங்கள் கறை மழைக்கு மட்டுமே நனைகிறது என்றால், தளத்தைப் பகுதி பகுதியாகச் சோதிக்கலாம். கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து தேதி எழுதிவிட்டு, மொட்டை மாடியின் ஒரு பகுதியைச் சிறிய சாந்து வரப்பால் அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிறுத்தி, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். சரிவின் தாழ்ந்த முனையில் தொடங்கி, ஒரு பகுதி முடிந்து இரண்டு நாள் பொறுத்த பிறகே மேட்டுப் பக்கம் உள்ள அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும். இல்லையேல் எந்த நீர் எதில் இறங்கியது என்பது குழம்பிவிடும். ஓர் அங்குல நீர் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ எடை உடையது. நல்ல கான்கிரீட் தளம் இதைத் தாங்கும். ஆனால் அடிப்பக்கத்தில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தாலோ, சேலத்தின் செவ்வாய்ப்பேட்டை, குகை ஆகிய பேட்டைகளில் உள்ள பழைய வீடுகளைப் போல மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய தளமாக இருந்தாலோ, இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளியாக இருந்தது, கைப்பிடிச் சுவரும் தளமும் கூடும் மூலைதான். சேலத்து வெயிலில் பகல் முழுவதும் காய்ந்து விரிந்த தளம், மாலையில் ஒரு மழை விழுந்தவுடன் சட்டெனச் சுருங்குகிறது; சுவரோ அதே அளவுக்கு அசைவதில்லை. இப்படி ஒவ்வொரு கோடையிலும் இழுபடும் மூலையில் வெறும் சிமென்ட்டைப் பூசினால் அது அடுத்த ஆண்டே மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பை உளியால் சற்று அகலப்படுத்தி, தூசியைத் தூரிகையால் நீக்கி, நன்கு உலரவிட்டு, நெகிழும் தன்மையுள்ள வெடிப்பு நிரப்பியை அழுத்தி அடைத்து, அதன் மேல் இழைவலையைப் பதித்து, நீர்க்காப்புப் பூச்சை முதல் முறை நீளவாட்டிலும், அது காய்ந்தபின் குறுக்குவாட்டிலும் அடிக்க வேண்டும். பங்குனி, சித்திரை இதற்கு ஏற்ற மாதங்கள். ஆனால் உச்சிவெயிலில் அடித்தால் பூச்சு கொப்புளிக்கும்; காலையிலோ மாலையிலோ அடியுங்கள். மழைநீர் வெளியேறும் குழாயின் வாயையும் அதே வேளையில் பாருங்கள், அதைச் சுற்றியுள்ள சாந்து பெயர்ந்திருப்பது வழக்கம். மழை விட்டபின் எங்கே நீர் தேங்குகிறதோ அதைச் சுண்ணக்கட்டியால் வளைத்துக் குறித்துவையுங்கள்: பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாகவாவது சரிவு இருந்தால்தான் நீர் ஓடும்.

தட்டோட்டைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்கையில் பாதிக்கு மேற்பட்ட ஓடுகளில், அடியில் பிடிப்பு விட்டு வெற்றிடம் விழுந்த பொள்ளல் ஓசை கேட்டால் மட்டுமே கொத்தனார் சொல்வது சரி. ஆங்காங்கே கேட்டால் அந்த ஓடுகளை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டில் குழித்தறி போட்டிருக்கும் அறையில், தரையிலிருந்து இரண்டடி உயரம்வரை பெயிண்ட் உரிந்து, சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று மகன் சொல்கிறான். செய்யலாமா?
– ஒரு நெசவாளர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: வேண்டாம் ஐயா. டைல்ஸ் உப்பை மறைக்கும்; ஈரத்தை நிறுத்தாது. மண்ணில் உள்ள நீரைச் செங்கல் திரியைப் போல உறிஞ்சி மேலே இழுக்கிறது. அந்த நீர் சுவரின் முகத்தில் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்குகிறது. ஆவியாகும் முகத்தை டைல்ஸால் அடைத்தால், ஈரம் மூன்றடியைத் தாண்டி நான்காவது அடியில் போய்ப் பூக்கும்.

வெளியே சென்று தெருவைப் பாருங்கள். பழைய தெருக்களில் சாலையை மேலும் மேலும் போட்டு உயர்த்தியதில், முன்பு இரண்டு படி ஏறி நுழைந்த வீடுகள் இன்று சாலை மட்டத்துக்கு இறங்கிவிட்டன. கடைக்காலில் ஈரத்தைத் தடுக்கப் போட்ட அடுக்கு மண்ணுக்குள் போய்விட்டால், சுவர் நேரடியாக ஈரமண்ணைத் தொடுகிறது. சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை அந்த அடுக்குக்குக் கீழே வரும்வரை வெட்டி அகற்றி, நீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். பின்கட்டில் துணி துவைக்கும் நீரோ குளியலறைச் சாக்கடையோ சுவரோரம் தேங்கினால் அதை முதலில் மாற்றுங்கள்.

பிறகு, ஈரம் ஏறிய கோட்டுக்கு மேலே ஓரடி சேர்த்துப் பூச்சைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுமையாக உலரவிடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து, கீழே விழுவதைப் பெருக்கி வெளியே கொட்ட வேண்டும். நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள் போய்விடும். சுண்ணாம்பில் கட்டிய பழைய சுவர் என்றால் சுண்ணாம்புச் சாந்தே பூசி வெள்ளையடியுங்கள். சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அந்தச் சுவரின் மூச்சை அடைத்துவிடும். தறிக்குழியை மட்டும் உலர்த்த முயல வேண்டாம். அதன் ஈரப்பதம் பாவு இழை அறுபடாமல் காக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எங்களுடையது பழைய ஓட்டு வீடு. படுக்கையறையில் அலமாரிக்குப் பின்புறச் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடிக்கிறது. ஓடு ஒழுகுகிறதோ என்று ஐயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: ஒழுகலாகவும் இருக்கலாம், பனியாகவும் இருக்கலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில், மூடுபனி நாள்களில் அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படிவது இயல்பு. இரண்டில் எது என்று அறிய, பூஞ்சையைத் துடைத்து, சுவர் காய்ந்தபின் ஒரு முழ அளவு பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிமுகத்தில் நீர் படிந்தால் அது அறைக்காற்றின் ஈரம். உள்முகத்தில் படிந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

காற்றின் ஈரம் என்றால், அலமாரியைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைத்து, வெயில் ஏறும் நண்பகலில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைத்து, ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுவதை நிறுத்துங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பூஞ்சையைத் துடைத்தெடுத்து, சுவரை உலர்த்திச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பின் காரம் பூஞ்சையை எளிதில் வளரவிடாது.

சுவருக்குள்ளிருந்து வருகிறது என்றால், பகலில் அறையை இருட்டாக்கி, உள்ளிருந்தே கூரையைப் பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடத்தில் ஓடு நகர்ந்தோ உடைந்தோ இருக்கிறது. சில்வர் ஓக் மரங்கள் அருகில் இருந்தால், இரண்டு கூரைகள் கூடும் பள்ளத்தில் சருகு அடைத்து நீரைப் பின்னுக்குத் தள்ளியிருக்கவும் கூடும். பாசி படிந்த ஓட்டின் மேல் நேராகக் கால் வைத்து ஏறுவது ஆபத்து. ஓடு மாற்றும் பழக்கமுள்ளவரை அழைத்து, காய்ந்த நாளில், ஏணியைக் கூரையின் மேல் படுக்கவைத்துச் செய்விக்க வேண்டும்.

கேள்வி: குழாயில் மாதந்தோறும் வாஷர் மாற்றியும் நீர் சொட்டுகிறது. எங்களுடையது ஆழ்துளைக் கிணற்று நீர்.
– ஒரு வாசகி, சூரமங்கலம், சேலம்

பதில்: வாஷர் போய் அமரும் உலோக விளிம்பைப் பாருங்கள் அம்மா. கடின நீரின் சுண்ணாம்புப் படிவு அங்கே கல்லாக இறுகி, புது வாஷரை அறுத்துக்கொண்டிருக்கும். மேல்நிலைத் தொட்டியின் வால்வை மூடிவிட்டுக் குழாயின் தலையைக் கழற்றி, எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த துணித்திரியை அந்த விளிம்பில் அரை மணி நேரம் வைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்தால் படிவு கரையும். விளிம்பே அரித்துக் குழி விழுந்திருந்தால் குழாயைத்தான் மாற்ற வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது குழாயின் முலாமைத் தின்னும், பிளீச்சிங் பவுடருடன் சேர்ந்தால் நச்சு வாயுவைக் கக்கும். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல் வீணாகும் என்பதால், வேலை முடியும்வரை அடியில் ஒரு வாளியை வைத்து அந்த நீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.