கேன்சர் மருந்தைக் குழந்தையின் உணவுக்குழாயில் தடவலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. இரண்டு வருடம் முன்பு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த ஆசிடைக் குடித்துவிட்டான். உணவுக்குழாய் சுருங்கி, கோயம்புத்தூரில் ஏழு முறை பலூன் வைத்து விரித்தாயிற்று. மூன்று வாரம் நன்றாகச் சாப்பிடுவான். அப்புறம் இட்லிகூட இறங்காது. இப்போது மைட்டோமைசின் தடவிப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அது கேன்சர் மருந்து என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னார்கள். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: மெடிக்கல் ஷாப்பில் சொன்னது பொய்யில்லை. மைட்டோமைசின்-சி புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றும் மருந்துதான். உங்கள் மகனுக்கு அதை ஏற்றப்போவதில்லை, ஒரே இடத்தில் ஒற்றி எடுக்கப்போகிறார்கள். கண்ணில் வளரும் சதையை அறுத்தபின் அது மறுபடி வளராமலிருக்க இதே மருந்தை ஒற்றுவது கண் டாக்டர்களுக்குப் பழகிய வேலை.

பலூன் விரியும்போது பழைய தழும்பு கிழிகிறது. உடம்புக்கு அது புதுக் காயம். ஆற்றுவதற்காக நார்த்திசு செல்கள் ஓடிவந்து பெருகி, இழுத்து இறுக்கிக் கட்டிவிடுகின்றன. உங்கள் மூன்று வாரக் கணக்கு அதுதான். மைட்டோமைசின் அந்தச் செல்கள் பெருகவிடாமல் தடுக்கிறது. வழியைத் திறப்பது பலூன், திறந்தது மூடாமல் பார்த்துக்கொள்வது மருந்து. அதனால்தான் விரித்த கையோடு, அதே மயக்கத்திலேயே தடவுகிறார்கள்.

மருந்து ஊதா நிறத்தில் இருக்கும். பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 0.4 மில்லிகிராம் என்ற அளவில் கரைத்து, சிறு பஞ்சுத் துண்டை நனைத்து, எண்டோஸ்கோப் உதவியோடு சுருங்கிய இடத்தில் சில நிமிடம் ஒட்டவைத்து எடுப்பார்கள். நல்ல சதையில் சொட்டக்கூடாது. அதற்கு ஒரு மூடியோ குழாயோ போட்டுத்தான் பஞ்சை இறக்குவார்கள். இந்த வேலையை முன்பு செய்து பழகிய கையா என்று தயங்காமல் கேளுங்கள்.

பலன் இருக்கிறதா? ஆசிட், அரிக்கும் காரத் திரவம் குடித்த 40 குழந்தைகளை வைத்து எகிப்தில் ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. மருந்து தடவியவர்களில் 80 சதவீதம் பேருக்குச் சுருக்கம் முழுதாகச் சரியானது. வெறும் விரிப்பு மட்டும் செய்தவர்களில் 35 சதவீதம். நல்ல கணக்குதான், ஆனால் அவை எல்லாம் குட்டையான சுருக்கங்கள். எனவே உங்கள் முதல் கேள்வி, 'சுருக்கம் எத்தனை சென்டிமீட்டர் நீளம்?' என்பதாக இருக்கட்டும். நீளமாக இருந்தால் நான் இவ்வளவு நம்பிக்கை தரமாட்டேன். ஸ்டீராய்டு ஊசி, ஸ்டென்ட், கடைசியாக ஆபரேஷன் என்று வேறு வழிகள் உண்டு. எதைச் செய்தாலும் அமிலம் மேலேறாமலிருக்கத் தரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசிட் பட்ட உணவுக்குழாயில் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோய் வர வாய்ப்புண்டு, மருந்து தடவினாலும் தடவாவிட்டாலும். மருந்தின் நீண்டகால விளைவையும் கவனிக்க வேண்டியிருப்பதால், அவன் பெரியவனான பிறகும் எண்டோஸ்கோபி பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டிலைப் பற்றி நீங்களே உங்களைப் போதுமான அளவு திட்டியிருப்பீர்கள், நான் வேறு சேர்த்துச் சொல்லவில்லை.

விரித்த அன்றே கடைசி பஸ் பிடித்து மலையேறாதீர்கள். குழாயில் ஓட்டை விழுவது அபூர்வம்தான், விழுந்தால் நெஞ்சு வலி, காய்ச்சல், மூச்சுத்திணறல் வரும். கழுத்தைத் தொட்டால் தோலுக்கடியில் நொறுநொறுவென்று இருக்கும். அந்த நேரத்தில் குஞ்சப்பனை வளைவில் பனிமூட்டத்துக்குள் நின்றுகொண்டிருக்கக் கூடாது. ஓர் இரவு கீழேயே தங்கிவிடுங்கள்.

சாப்பாட்டில் டாக்டர் சொல்கிறவரை கூழ், குழைந்த சாதம். வர்க்கி கேட்டு அழுவான். டீயில் முழுக்க ஊறவைத்தால் பிறகு தரலாம், காய்ந்ததை மென்று விழுங்க விடாதீர்கள்.

ஏழு முறையும் எத்தனை மில்லிமீட்டர் வரை விரித்தார்கள் என்பது ரிப்போர்ட்டுகளில் இருக்கும். தேதிவாரியாக அடுக்கி, அடுத்த முறை கையோடு எடுத்துப் போங்கள்.